டின்னா... தானியமா?

"பால்கோவாவுல தண்ணி ஊத்திக் கலக்குனா மறுபடி பால் வருமா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணிடம், அதுவும் கட்டின மனைவியிடம், சிங்கப்பூரிலிருந்து ராத்திரி போன் போட்டு இப்படிக் கேட்கிற ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அதுதான் எனக்கும் கிடைத்தது.

"ஏங்க... உங்களுக்கு அங்க சாப்பாடு சரியில்லையா, இல்ல புத்தி சரியில்லையா?"

இரண்டும் சரியாகத்தான் இருந்தது. கேள்விக்குக் காரணம் வேறு. பீர்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். கடையில் வாங்குகிற சமாசாரம் அல்ல. வீட்டிலேயே காய்ச்சுகிற பீர். 2017-ல் கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு சிங்கப்பூர் அனுப்பியது. அக்கவுன்ட்ஸ் வேலை. உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீடு ஒன்றில் மூன்று பேர் தங்கியிருந்தோம். ஒருவன் மாயவரத்துக்காரன், லேபரட்டரியில் வேலை. இன்னொருவர் காரைக்குடி அண்ணன், எங்களுக்கெல்லாம் மூத்தவர், சமையல் மந்திரி. மூன்றாவது, ராஜபாளையத்து அப்பாவி. அடியேன்.

சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமில்லை. பதினெட்டு வயசு ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர், விற்கக் கூடாது, வடிக்கிற சாராயத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அவ்வளவுதான் கண்டிஷன். இங்கிலாந்தில் 1963-லேயே லைசென்ஸ் தொல்லை போய்விட்டது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். நம் ஊர்க் கதை வேறு. 1937-ல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டத்தின் பேரிலேயே இன்றைக்கும் வண்டி ஓடுகிறது. அரசாங்கமே கடை திறந்து விற்கும். ஆனால், நீங்கள் அடுப்பில் ஏற்றினால் உள்ளே போக வேண்டியதுதான். ஆகவே வாசகர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் குண்டானைத் தேட வேண்டாம்!

ஒருநாள் மாயவரத்தான் ஒரு பெரிய டின்னோடு வந்து நின்றான். "பங்காளி, பீருக்கு ரெண்டு வழி. ஒண்ணு டின், இன்னொண்ணு தானியம். டின்னுதான் சுலபம்."

விஷயம் இதுதான். பீருக்கு வேண்டியது நாலே சாமான். தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட். 1516-ல் பவேரியா ராஜாங்கம் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர எதையும் போடக் கூடாது என்று சட்டமே போட்டது. ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. அப்படி ஒரு ஜீவன் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது!

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் பத்து பதினைந்து நாளில் பீர். இதெல்லாம் தானியவழி. இதில் பாதியை ஃபாக்டரியிலேயே முடித்துவிடுகிறார்கள். இனிப்புத் தண்ணீரை வடித்து, அதைச் சுண்டக் காய்ச்சி, தேன் மாதிரி கெட்டியாக டின்னில் அடைத்துவிடுகிறார்கள். அதன் பெயர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். நாம் வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது எனக்கு உறைத்தது. அட, இது பார்லியின் பால்கோவா அல்லவா! மாமனார் ஊரில் ஆளுயர அடுப்புப் புகையில் நின்று, பாலைக் கிண்டிக் கிண்டித் தண்ணீரை எல்லாம் ஆவியாக்கி, கடைசியில் சட்டியில் மிச்சப்படுத்துகிறார்களே, அதே வேலை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கும் இந்த டின்னுக்கும் ஒரே தத்துவம். அந்த ஆச்சரியத்தில்தான் மனைவிக்குப் போன் போட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் அவள் சும்மா விடவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"பால் மாதிரி ஒண்ணு வரும். ஆனா பால் வராது. காய்ச்சுன வாடையும் நெறமும் எங்க போகும்?"

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் சும்மாவா! டின் பீர்மேல் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிற குறையே அதுதான். சுண்டக் காய்ச்சும்போது நிறம் ஏறிவிடும். டின் பழசாக ஆக இன்னும் கறுக்கும். குடித்தால் பின்நாக்கில் ஒரு பழைய வாடை நிற்கும். இதை என் மனைவி ஒரு சொட்டு ருசிக்காமல், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

முதல் டின்னைக் கலக்கினோம். 1.7 கிலோ டின், ஒரு கிலோ சர்க்கரை, தண்ணீர் சேர்த்து 23 லிட்டர். மொத்த வேலை ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவியது. பீர் காய்ச்சுகிறவன் பாதி சமையல்காரன், மீதி பாத்திரம் தேய்க்கிறவன். ஒரு கரண்டி அழுக்காக இருந்தாலும் புளித்து வினிகராகிவிடும்.

சிங்கப்பூர் உஷ்ணம் இன்னொரு எதிரி. ஈஸ்ட்டுக்கு இருபது டிகிரி வேண்டும். அங்கே அறைக்குள் முப்பது. சூட்டில் வேலை செய்தால் ஈஸ்ட் கண்டபடி வாடையைக் கிளப்பிவிடும், மறுநாள் தலைவலி இலவசம். ஆகவே வாளியை ஒரு பெரிய தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, ஈரத்துண்டு சுற்றி, ஐஸ்கட்டியான பாட்டில்களைக் காலையிலும் ராத்திரியும் மாற்றிப் போட்டோம். ஜுரக்காரக் குழந்தைக்கு நெற்றியில் பத்துப் போடுகிற மாதிரி!

பாட்டிலில் அடைத்த நாலாம் நாள், ராத்திரி ரெண்டு மணி. டமார்!

அலமாரிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. தொடர்ந்து இன்னொன்று. காரைக்குடி அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், சிவகாசிக்காரனை ரூம்ல சேக்காதீங்கன்னு!"

"அண்ணே, நான் ராஜபாளையம்ணே."

"எல்லாம் ஒரே பஸ் ரூட்டுதான!"

தப்பு என்னுடையது. பீர் முழுசாகப் புளித்து முடிந்ததா என்று ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும். பால்காரர் பயப்படுவாரே லாக்டோமீட்டர், அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் ஹைட்ரோமீட்டர். சர்க்கரை இருக்கிறவரை உயர மிதக்கும், குறையக் குறைய அமுங்கும். இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் அடைக்கலாம். நான் காலண்டரைப் பார்த்து அடைத்துவிட்டேன். மிச்சமிருந்த சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்து, காஸ் கட்டி, தீபாவளி கொண்டாடிவிட்டது.

அடுத்த டின் ஒழுங்காக வந்தது. அதற்கடுத்ததும். நிஜமாகவே நன்றாக இருந்தது. மாசம் ஒரு டின். ஒரு டின்னுக்கு அறுபது சொச்சம் பாட்டில். கட்டிலடியில், அலமாரியில், ஷூ ஸ்டாண்டில் எல்லாம் பீர். இங்கேதான் கதை கொஞ்சம் திரும்புகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை. மற்ற இருவருக்கும் நைட் ஷிப்ட். எட்டு மணிக்கு வந்தேன். முதல் பாட்டில் தாகத்துக்கு. இரண்டாவது சாப்பாட்டோடு. மூன்றாவதைத் திறந்தபோது காரணம் எதுவும் இல்லை. சும்மா இருந்தது, திறந்தேன். குடிப்பதற்கு முன்னால் என் கை தானாகவே தோளில் கிடந்த துண்டை எடுத்து, பாட்டில் வாயை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தது.

அப்படியே நின்றுவிட்டேன். அது என் பழக்கம் இல்லை ஸார். எங்கப்பா பழக்கம்.

அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. நல்ல வேலைக்காரர். சம்பள நாளில் மட்டும் அம்மா மில் கேட்டில் நிற்பாள். அப்பா வேறு கேட் வழியாகப் போய்விடுவார். அந்த மாசங்களில் எங்களுக்குக் காலைச் சாப்பாடு கேப்பைக்கூழ். 2004-ல் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் சிங்கப்பூர் வருகிறவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஏதோ ஒரு விஞ்ஞான ஆர்வம், தனிமை, மாயவரத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், ஆறு மாசத்தில் துண்டால் பாட்டில் துடைக்கிறேன்!

மூன்றாவது பாட்டிலை சிங்க்கில் கொட்டினேன். மறுநாள் மாயவரத்தானிடம் சொன்னேன்.

"இனிமே டின் வேணாம் பங்காளி. காய்ச்சுனா தானியத்துலதான்."

"ஏன், ருசிக்கா?"

"இல்ல, சோம்பேறித்தனத்துக்கு."

அவனுக்குப் புரியவில்லை. எனக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. டின் ஒன்றரை மணி நேர வேலை. தானியம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறதென்றால் மாசா மாசம் யார் செய்வார்கள்? சரக்கு கட்டிலடியில் குவியாது. கஷ்டப்பட்டுக் கிடைத்த பாட்டிலைத் தனியாக, காரணமில்லாமல் திறக்க மனசும் வராது. குடியை நிறுத்துவதற்கு இது ஒரு வழியா என்று கேட்காதீர்கள். ஒரு அக்கவுன்டன்ட்டுக்குத் தோன்றிய வழி.

தானியத்துக்கு ஐந்து கிலோ முளைகட்டிய பார்லி வாங்கினோம், உடைத்தது. பெரிய குண்டான். வடிகட்ட ஒரு பை வேண்டும். தானியத்தைப் பையில் போட்டே ஊறவைத்துத் தூக்கிவிடலாம், பெரிய டீ பேக் மாதிரி. பைக்கு எங்கே போவது? என் பெட்டியில் இருந்தது, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி! ராஜபாளையத்தான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா கட்டாயம் வைத்துவிடுகிற சாமான். நாலு மடிப்பாக வைத்துத் தைத்தேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற துணி அன்றைக்கு பார்லிக்குக் கட்டுப் போட்டது.

தண்ணீர் 66 டிகிரி. ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிற்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முளைவிடும் விதை, 'மழை வந்துவிட்டது, இனி வளர வேண்டியதுதான்' என்று நம்பி, தான் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கித் தின்ன என்சைம்களைத் தயார் பண்ணும். அந்தச் சமயம் பார்த்து அதைக் காயவைத்துவிடுகிறோம். பிறகு நமக்கு வேண்டும்போது வெந்நீர் ஊற்றினால், அந்த என்சைம் நமக்காக வேலை செய்கிறது. விதையை ஏமாற்றுகிற வேலை! அறுபத்திரண்டு, மூன்று டிகிரி என்றால் சர்க்கரை முழுக்கப் புளிக்கும், பீர் மெலிசாக வரும். அறுபத்தெட்டு, ஒன்பது என்றால் கனமாக, லேசான இனிப்போடு வரும். ஒரே மாவில் தோசையும் இட்லியும் மாதிரி. டின்னில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஃபாக்டரிக்காரன் என்ன சூட்டில் ஊறவைத்தானோ அதுதான் உங்கள் தலைவிதி.

மாயவரத்தான் முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் எடுத்து, கஞ்சியில் ஒரு சொட்டு விட்டான். கறுத்தால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நாற்பதாவது நிமிஷம் கறுத்தது. அறுபதாவது நிமிஷம் கறுக்கவில்லை. அவன் விசிலடித்தான்.

நான் மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

கேப்பைக்கூழ்!

அதே வாசனை. முளைகட்டிய கேழ்வரகை அம்மா வறுத்து அரைத்து, அடுப்பில் கிளறும்போது வருமே, அது. சம்பளம் வராத மாசத்து வாசனை. நான் குண்டான் முன்னால் கரண்டியோடு நிற்க, அந்த நேரம் பார்த்து மனைவியின் வீடியோ கால்!

"என்னங்க அது, பின்னாடி அவ்வளவு பெரிய குண்டான்? ஊருக்கே சமைக்கிறீங்களா?"

அவள் தோளுக்கு மேல் அம்மாவின் முகம் எட்டிப் பார்த்தது.

"என்னய்யா காய்ச்சுற?"

"பா... பார்லிக் கஞ்சிம்மா."

"பார்லியா? ஏய்யா, நீர்க்கடுப்பு எதுவும் இருக்கா?"

மாயவரத்தான் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான்.

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா, உடம்புக்கு நல்லதுன்னு..."

"மொளை கட்டுனதா, கட்டாததா?"

"கட்டுனது."

"அப்ப ரொம்பக் கொதிக்க விட்டுறாத. கை பொறுக்காத சூட்டுல வச்சு எறக்கு. அப்பத்தான் இனிக்கும்."

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 66. எங்கம்மா ஐந்தாவதுகூடத் தாண்டவில்லை.

அந்த பீர் நன்றாக வந்தது. காரைக்குடி அண்ணனே ஒப்புக்கொண்டார். ஆனால் எனக்கு அம்மாவிடம் சொன்ன 'கஞ்சி' தொண்டையில் நின்றது.

2018 பொங்கலுக்கு லீவில் வந்தேன். பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கி, மலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போய், மூன்றாவது நாள் ராத்திரி அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மாட்டுப் பொங்கல் அன்று. மனைவி உள்ளே போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள்.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"வாடை எப்படி இருக்கும்?"

"காய்ச்சும்போது கேப்பைக்கூழ் மாதிரிம்மா."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"உங்கப்பாவும் மொதல்ல ருசிக்குத்தான்னு சொன்னாரு."

அவ்வளவுதான். எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். மாசம் முப்பது லிட்டருக்கு அனுமதி கொடுத்த சிங்கப்பூர் சர்க்காரைவிட, ஒரு வாக்கியத்தில் பைசல் பண்ணிய அந்தச் சர்க்கார் பெரிசாகத் தெரிந்தது.

சிங்கப்பூர் திரும்பி, பாக்கி இருந்த ஒன்றரை வருஷத்தில் மூன்றே முறைதான் காய்ச்சினேன். மூன்றும் தானியத்தில், மூன்றும் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்த நாளுக்காக. ஒரு பாட்டிலைக்கூடத் தனியாகத் திறக்கவில்லை. சட்டம் அனுமதிக்கிற நாட்டில் இருக்கும் சிநேகிதர்கள் யாராவது, 'டின்னா, தானியமா?' என்று கேட்டால் இப்போதும் சொல்வது இதுதான். முதல் இரண்டு தடவை டின்னில் செய்யுங்கள். சுத்தம், சூடு, பொறுமை மூன்றும் பழகும். நடுவழியும் இருக்கிறது. டின்னோடு அரைக் கிலோ தானியத்தை அரை மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்தால் பழைய வாடை அமுங்கும். அப்புறம் தானியத்துக்கு வாருங்கள். டின்னைவிடச் செலவு குறைவு, பாத்திரச் செலவு அதிகம், நேரம் ஐந்தாறு மணி. அந்த ஐந்தாறு மணியை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். என் விஷயத்தில் அதுதான் லாபம்.

2019-ல் ஊர் திரும்பினேன். குண்டானையும் ஹைட்ரோமீட்டரையும் மாயவரத்தானுக்குத் தானம் பண்ணிவிட்டேன். தெர்மாமீட்டர் மட்டும் பெட்டியில் வந்தது. 2020-ல் மகள் பிறந்தாள். ஆறு மாசம் முடிந்ததும் கூழ் கொடுக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் மாநாடு கூடியது.

"கடையில பாக்கெட்டுல வருதுங்க, வாங்கிரலாம்" என்றாள் மனைவி.

அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. முன்னைப்போல வறுத்துக் கிளற முடியாது. ஆக, நான் இறங்கினேன். கேப்பையை ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி — அதே சத்திரப்பட்டித் துணி — இரண்டு நாள் முளைக்கவிட்டு, மாடியில் காயவைத்து, லேசாக வறுத்து, மில்லில் அரைத்துக்கொண்டு வந்தேன். முளைகட்டிய மாவில் கூழ் காய்ச்சினால் பசை மாதிரி இறுகாது. இளகி ஓடும். அதனால் தண்ணீரை ஏற்றாமல் மாவைக் கூட்டிப் போடலாம், குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் சத்து அதிகம் போகும். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். பார்லியில் பார்த்த அதே என்சைம் வேலைதான். என்ன, அங்கே அப்புறம் ஈஸ்ட் வந்தது. இங்கே மகள் வந்தாள்.

அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரை நட்டுவிட்டுக் கிளறினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். கம்பியைப் பார்த்தாள்.

"இது அங்க இருந்து கொண்டாந்ததா?"

"ஆமாம்மா."

எதுவும் சொல்லாமல் விரலைக் கூழில் தொட்டு வாயில் வைத்தாள்.

"இனிக்குது" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: "ஏம்மா, உன் மருமக பாக்கெட் வாங்கிரலாம்ங்கறா. நீ என்ன சொல்ற?"

"அவசரத்துக்கு வாங்கிக்கட்டும். நேரம் இருந்தா கட்டிக்கங்க. அதுக்கென்ன சண்டை?"

பெரிய புத்தகமெல்லாம் தலையணை தலையணையாகப் போட்டு விவாதிக்கிற விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்:

"என்னங்க, கிளறி முடிச்சாச்சுன்னா அந்தக் குண்டானை நீங்களே கழுவிருங்க!"

சொன்னேனே ஸார்... பாதி வேலை அதுதான்.